19 வயதுக்குப் பிறகு எங்கே கற்றுக்கொடுப்பது? சுங்கை சிப்புட் குடும்பங்களுக்கு ஓர் ஒப்பீடு

அறிவுத்திறன் குறைபாடு உள்ள பிள்ளைக்கு அரசாங்கப் பள்ளியின் சிறப்புக்கல்வி வகுப்பு 19 வயதோடு முடிந்துவிடுகிறது. அதுவரை காலையில் சீருடை, வேன், ஆசிரியர், மதியம் வீடு என்று ஓர் ஒழுங்கு இருந்தது. அதற்கப்புறம் தொலைக்காட்சியும் கைப்பேசியும்தான். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் சுங்கை சிப்புட்டில் இப்படி வீட்டோடு இருப்பவர்கள் சிலருக்கு இப்போது நாற்பது வயதாகிறது. பெற்றவர்கள் எழுபதைத் தொட்டுவிட்டார்கள்; பால்மரம் சீவியவர்கள், செம்பனைக் குலை வெட்டியவர்கள். "எனக்குப் பிறகு இவன் என்ன செய்வான்?" என்ற கேள்வி அவர்கள் வீட்டில் ஒருநாளும் ஓய்வதில்லை. எனக்கும் இப்படி ஒரு தம்பி இருக்கிறான் என்பதால் இந்தக் கேள்வி எங்கள் வீட்டிலும் உண்டு.

இதைப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் "எங்கே சேர்க்கலாம்?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நான் கொஞ்சம் பின்னால் போய்க் கேட்பேன்: அவன் என்னென்ன செய்யத் தெரிந்திருந்தால் அடுத்தவர் கையை எதிர்பார்க்காமல் ஒரு நாளை ஓட்டலாம்? கடைக்குப் போய் ஒரு பொருளை வாங்குவது, காசு கொடுப்பது, சாலையைக் கடப்பது, பஸ் ஏறி இறங்குவது, கிளினிக்கில் எண் எடுத்து உட்காருவது, மாத்திரையை நேரத்துக்குப் போடுவது, சோறு வடிப்பது, தெரியாத ஆள் கூப்பிட்டால் போகாமல் இருப்பது. சமூகத்தில் வாழும் திறன் என்பதெல்லாம் இவைதான். இவற்றைக் கற்றுக்கொடுக்க எங்கள் ஊர்க் குடும்பத்துக்கு முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன: பி.டி.கே. எனும் சமூக மறுவாழ்வு மையம், வெளியூரில் தங்கிப் படிக்கும் இல்லம், ஒரு வேலை, அப்புறம் ஊரையே வகுப்பாக்கி வீட்டார் கற்றுக்கொடுப்பது.

நான்கையும் எடைபோட எனக்கு ஒரே அளவுகோல்தான். கற்றதை அவன் எங்கே பயன்படுத்தப் போகிறான்?

ஏன் இதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்றால், இவர்களால் கற்க முடியாது என்ற பேச்சு பொய் என்பது எப்போதோ தெரிந்துவிட்டது. 1970-களில் அமெரிக்காவில் மார்க் கோல்ட் என்ற ஆய்வாளர், "ஒன்றும் வராது" என்று ஒதுக்கப்பட்டவர்களுக்குப் பல பாகங்கள் கொண்ட சைக்கிள் பிரேக்கைப் பூட்டக் கற்றுக்கொடுத்துக் காட்டினார். வேலையைச் சின்னச் சின்னப் படிகளாக உடைத்தார். அதுதான் அவர் செய்தது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஓரிடத்தில் கற்றது இன்னோர் இடத்துக்குத் தானாகப் போவதில்லை. மேசைமேல் பிளாஸ்டிக் காசை எண்ணத் தெரிந்தவர், கடையில் பின்னால் நாலு பேர் வரிசையில் நிற்கும்போது கையைப் பிசைகிறார். நமக்கு இரண்டும் ஒன்று. அவருக்கு அவை இரண்டு தனித்தனி வேலைகள்.

முதலில் பி.டி.கே. சமூகநல இலாகாவின் மேற்பார்வையில், உள்ளூர்க் குழு ஒன்று நடத்தும் மறுவாழ்வு மையம் அது. 1984-ல் திரங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கிய இந்தத் திட்டம் இன்று நாடு முழுக்க 500-க்கும் மேற்பட்ட மையங்களாகப் பரவியிருக்கிறது. கட்டணச் சுமை இல்லை. வருகிற பயிற்சியாளருக்கு மாதம் 150 வெள்ளி (ரிங்கிட்) உதவித்தொகையும் உண்டு. காலையில் எழுந்து குளித்து, சட்டை மாற்றி, "சிக்கு (ஆசிரியர்) காத்துக்கிட்டு இருப்பாங்க" என்று கிளம்புவதே பெரிய பாடம். அம்மாவுக்கும் அரை நாள் மூச்சு விட நேரம் கிடைக்கிறது. இந்த நன்மையை யாரும் குறைத்துப் பேசக் கூடாது.

ஆனால் பி.டி.கே. எல்லா வயதினருக்கும் எல்லாவிதக் குறைபாட்டினருக்கும் பொதுவானது. ஆறு வயதுக் குழந்தையும் முப்பது வயது ஆளும் ஒரே அறையில் இருந்தால், பாடம் குழந்தையின் பக்கம்தான் சாயும். மீசை முளைத்த மனிதர் ஆண்டுக்கணக்கில் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தால், அது அவருடைய காலத்தை வீணாக்குவது. ஆகவே சேர்க்கப் போகிற வீட்டார் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். இங்கே பெரியவர்கள் எத்தனை பேர்? போன மாதம் அவர்களை வெளியே எங்கெல்லாம் கூட்டிப்போனீர்கள்? இரண்டாவது கேள்விக்கு "பசாருக்கு, போஸ்ட் ஆபீஸுக்கு" என்று பதில் வந்தால் மனநிம்மதியோடு சேர்க்கலாம். ஆண்டுக்கொரு முறை சுற்றுலா என்று பதில் வந்தால், மீதியை நாம்தான் செய்ய வேண்டும் என்று தெரிந்துகொண்டு சேர்க்கலாம்.

மையத்தில் எல்லாம் மலாயில் நடக்கிறதே என்பது நம் வீடுகளில் வழக்கமாக வரும் தயக்கம். தமிழ்ப்பள்ளியில் படித்து, வீட்டில் தமிழே பேசிய பிள்ளை திகைத்துத்தான் போவான். அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் மருத்துவமனை முகப்பில், பஸ்ஸில், சீனர் மளிகைக்கடையில் அவன் கேட்கப் போவது மலாய்தானே? செய்முறையைத் தமிழில் சொல்லிக்கொடுங்கள். அந்த இடத்தில் வாயிலிருந்து வர வேண்டியதையும் காதில் விழப்போவதையும் மலாயிலேயே பழக்குங்கள். "பெராப்பா?" (எவ்வளவு?), "புங்குஸ்" (கட்டிக் கொடுங்கள்), "துரிமா காசே" (நன்றி), ஒன்றிலிருந்து பத்து வரை எண்கள், இவ்வளவு தெரிந்தால் பட்டணத்தில் பாதி வேலை நடந்துவிடும். இந்த விஷயத்தில் பி.டி.கே. வீட்டைவிட நன்றாகவே உதவும்.

அடுத்தது, வெளியூர் இல்லங்கள். இலாகாவே நடத்தும் தாமான் சினார் ஹாராப்பான் இல்லங்கள் சிரம்பான், ஜித்ரா போன்ற இடங்களில் இருக்கின்றன. தொண்டு அமைப்புகளும் தனியாரும் நடத்துபவை வேறு. தனியார் இல்லம் எதுவானாலும் 1993-ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டத்தின்கீழ் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். நல்ல இல்லம் அதற்கு முகம் சுளிக்காது. முன்னறிவிப்பில்லாமல் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பாருங்கள். யார் பரிமாறுகிறார்கள், யார் தட்டு கழுவுகிறார்கள் என்பதைக் கவனித்தால் போதும். எல்லாவற்றையும் பணியாளரே செய்கிறார் என்றால் அங்கே பாதுகாப்பு இருக்கலாம், கல்வி இருக்காது.

நல்ல இல்லத்தில்கூட ஒரு குறை உண்டு. அங்கே மணியடித்தால் சாப்பாடு, மணியடித்தால் தூக்கம். சாவி அவன் கையில் இல்லை. காசு அவன் கையில் இல்லை. சாமான் மொத்தமாக லாரியில் வந்து இறங்குகிறது. அந்த இல்லத்தில் வாழும் திறன் அவனுக்கு நன்றாக வந்துவிடும்; தீபாவளிக்கு ஊருக்கு வந்தால் தன் வீட்டுச் சமையலறையில் எது எங்கே என்று தெரியாமல் நிற்பான். அதனால் இருபது வயதில், பெற்றோர் திடமாக இருக்கும் காலத்தில், பயிற்சிக்கென்று தூரத்து இல்லத்துக்கு அனுப்புவதை நான் பரிந்துரைப்பதில்லை.

எழுபது வயது அம்மா மட்டும் இருக்கிறார், அவருக்குச் சிறுநீரகச் சுத்திகரிப்பு வாரம் மூன்று நாள், கூடப்பிறந்தவர்கள் சிங்கப்பூரில் என்றால் நிலைமை வேறு. அங்கே இல்லம்தான் சரியான வழியாக இருக்கலாம். "பெத்த பிள்ளைய விட்டுட்டா" என்று ஊர் பேசும், பேசட்டும். ஆனால் அம்மா கண்மூடிய மறுநாள், அழுதுகொண்டிருப்பவனை முன்பின் பார்த்திராத இடத்தில் கொண்டுபோய் விடுவதுதான் கொடுமை. முன்கூட்டியே வார இறுதியில் இரண்டு இரவு, அப்புறம் ஒரு வாரம் என்று பழக்கினால் அந்த இடம் அவனுக்குத் தெரிந்த இடமாகிவிடும். தன் துணியை மடிப்பது, தன் மாத்திரைப் பெட்டியைத் திறப்பது, வலித்தால் வலிக்கிறது என்று சொல்வது, இந்த மூன்றும் தெரிந்து போகிறவன் எந்த இல்லத்திலும் கொஞ்சம் மரியாதையோடு நடத்தப்படுவான்.

வேலை என்ற மூன்றாவது வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாற்றுத்திறனாளிகளுக்காக இலாகா நடத்தும் பெங்கேல் டாயா பட்டறைகள் கிள்ளானிலும் சுங்கை பட்டாணியிலும் உள்ளன. இங்கிருந்து தினமும் போய்வர முடியாத தூரம். பக்கத்திலேயே கிடைக்கக்கூடியது கறிக்கடையில் தட்டு கழுவுவது, நாற்றங்காலில் செம்பனைக் கன்றுக்குப் பையில் மண் நிரப்புவது, கோயிலில் விளக்கு தேய்ப்பது போன்ற வேலைதான். சம்பளம் சிறியதாக இருந்தாலும், தகுதியுள்ள மாற்றுத்திறனாளி ஊழியருக்கு இலாகா மாதம் 450 வெள்ளி ஊக்கத்தொகை தருகிறது. முதல் சில வாரங்களுக்குக் கூடவே நின்று பழக்கும் ஜாப் கோச் முறையும் ஜப்பான் அரசின் உதவி அமைப்பான ஜைக்காவின் துணையோடு நம் நாட்டுக்கு வந்துவிட்டது. சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பிலும் இலாகாவிலும் கேட்கலாம். வேலை மிக நல்ல ஆசிரியர். நேரம் தவறாமை, அடுத்தவரோடு பேசும் முறை, சம்பளக் காசின் அருமை எல்லாம் அங்கே தானாக வரும். ஆனால் சாலையைத் தனியாகக் கடக்கத் தெரியாதவரை யார் வேலைக்கு வைப்பார்கள்? ஆகவே வேலையை முதல் படியாக எண்ண முடியாது.

இப்போது நான்காவது வழி. இதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

தோட்டப்புறப் பட்டணத்துக்கென்று ஒரு நன்மை உண்டு. ஊர் சிறியது, கடைக்காரருக்கு அப்பாவையும் தெரியும், தாத்தாவையும் தெரியும். வழி தவறினால் யாராவது மோட்டாரை நிறுத்தி வீட்டில் கொண்டுவந்து விடுவார்கள். ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் இது கிடைக்காது. ஆனால் அதே அன்புதான் அவனைக் கற்க விடாமலும் தடுக்கிறது. என் தம்பி கடைவாசலில் நின்றாலே போதும், உள்ளிருந்து கடைக்காரர் ரொட்டியையும் சீனியையும் பையில் போட்டுக் கொடுத்து, "அம்மாகிட்ட கொடு தம்பி" என்று அனுப்பிவிடுவார். விலை கணக்குப் புத்தகத்தில் ஏறிவிடும். மாதக்கடைசியில் அம்மா கட்டுவார். அவன் வாயைத் திறக்க வேண்டியதில்லை, காசைத் தொட வேண்டியதில்லை. தோட்டத்துக் காலத்திலிருந்து வருகிற இந்தக் கணக்குப் புத்தக வழக்கம் நம் குடும்பங்களைப் பசியிலிருந்து காப்பாற்றியிருக்கிறது என்பது உண்மை. ஆனால் நம் பிள்ளைகளில் பலர் பணத்தைப் பழகாமலே பெரியவர்களானதற்கும் அதுவே ஒரு காரணம்.

ஆகவே ஊரையே வகுப்பாக்க நினைக்கும் குடும்பம் முதலில் பாடம் நடத்த வேண்டியது கடைக்காரருக்கு. "அண்ணே, இனி இவன் கேட்டாத்தான் கொடுக்கணும். கேக்குறவரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்குங்க. காசு கையில வாங்கிட்டு மீதி கொடுங்க." கூட்டமில்லாத மத்தியான நேரமாகத் தேர்ந்தெடுத்தால் அவரும் மகிழ்ச்சியாக ஒத்துழைப்பார்.

கற்றுக்கொடுக்கும்போது கடைசிப் படியிலிருந்து தொடங்குவது நல்லது. முதலில் எல்லாவற்றையும் நீங்கள் செய்து, மீதிக் காசையும் பையையும் வாங்கிக்கொண்டு நன்றி சொல்வதை மட்டும் அவனிடம் விடுங்கள். அது பழகியதும் காசு நீட்டுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் பொருளைக் கேட்பது. அப்புறம் அடுக்கிலிருந்து எடுப்பது. இப்படிப் போனால் ஒவ்வொரு முறையும் வேலை அவன் கையிலேயே வெற்றியாக முடிகிறது. அவன் தயங்கினால் உடனே சொல்லிவிடாதீர்கள்; மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். பிறகு கையைக் காட்டுங்கள், அதற்கும் வராவிட்டால் சொல்லுங்கள், அதற்கும் வராவிட்டால் மட்டும் கை பிடித்துச் செய்ய வையுங்கள். நாளாக ஆக நம் உதவி குறைய வேண்டும்.

கூட்டல் கழித்தல் தெரியாதவர்க்கும் காசு கொடுக்கும் வழி ஒன்று இருக்கிறது. சொன்ன வெள்ளிக்கு மேல் ஒரு வெள்ளி சேர்த்துக் கொடுப்பது. "தீகா ரிங்கிட் எம்பாட் புலு" (மூன்று வெள்ளி நாற்பது காசு) என்று கடையில் சொன்னால் அவன் காதில் பிடிக்க வேண்டியது "தீகா" மட்டும்தான். மூன்று நோட்டு எண்ணி, மேலே ஒன்று வைத்து நீட்டினால் போதும். ஆரம்பத்தில் பர்ஸில் ஒரு வெள்ளி நோட்டுகள் மட்டுமே இருக்கட்டும். நன்றாகப் பழகிய பிறகு சிவப்புப் பத்து வெள்ளியைச் சேர்க்கலாம். ஐம்பது வெள்ளி நோட்டு பச்சையும் நீலமும் கலந்தது, நீல ஒரு வெள்ளியோடும் பச்சை ஐந்து வெள்ளியோடும் குழம்ப இடமுண்டு. அதைக் கடைசிவரை தள்ளிப் போடுங்கள். கைப்பேசியில் கியூஆர் குறியை ஸ்கேன் செய்து காசு கட்டுவது சிலருக்கு நோட்டைவிட எளிதாக வருகிறது, எண்ணவும் வேண்டாம், மீதியும் வாங்க வேண்டாம். அப்படியானால் கணக்கில் சிறு தொகை மட்டும் போட்டுவையுங்கள். ரகசிய எண்ணை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது என்பதை ஒரு தனிப்பாடமாகவே நடத்த வேண்டும்.

ஒரு கடையில் வந்துவிட்டால் வேலை முடிந்ததாக நினைத்து நிறுத்தக் கூடாது. இரண்டாவது கடை, பேரங்காடி, இரவுச் சந்தை என்று இடத்தை மாற்றிப் பார்த்தால்தான் திறன் அவனுக்குச் சொந்தமாகும். கடை மூடியிருந்தால், பொருள் தீர்ந்துபோயிருந்தால் என்ன செய்வது என்பதும் பாடம்தான். "இல்லை" என்ற பதிலைக் கேட்டு வெறுங்கையோடு திரும்பத் தெரிந்தவன் பாதி தூரம் கடந்துவிட்டான்.

சாலை மட்டும் விளையாட்டில்லை. எங்கள் பட்டணத்தின் நடுவே ஈப்போவையும் கோலகங்சாரையும் இணைக்கும் பழைய கூட்டரசுச் சாலை ஓடுகிறது; லாரிகள் வேகம் குறைப்பதில்லை. இதை வீட்டு முற்றத்தில் சுண்ணக்கோடு போட்டுக் கற்றுக்கொடுக்க முடியாது. தினமும் அதே இடத்தில், அதே விளக்குக் கம்பத்தருகில், கூடவே நின்று கடக்க வேண்டும். நீங்கள் ஒரு சொல்லும் சொல்லாமல் அவனே நின்று, பார்த்து, காத்திருந்து கடப்பதை நாள் தவறாமல் பல வாரங்கள் பார்த்த பிறகே பின்தங்கி நடக்கலாம். பஸ்ஸுக்கும் இதே முறைதான். சட்டைப்பையில் பெயரும் இரண்டு பேருடைய தொலைபேசி எண்ணும் எழுதிய அட்டை எப்போதும் இருக்கட்டும்.

இன்னும் தோட்டத்து லயத்திலேயே இருப்பவர்களுக்கு இந்த வழி கடினம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். பஸ் உள்ளே வருவதில்லை. பட்டணம் போக யாராவது மோட்டாரில் ஏற்ற வேண்டும். அங்கே பஸ் பாடத்தில் காலம் கழிப்பதைவிட, தெரிந்த வேன்காரருக்குத் தானே போன் செய்து வரச்சொல்லக் கற்பதுதான் பயன்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். ஆண் பிள்ளையைக் கடைக்கு அனுப்பும் வீட்டில்கூடப் பெண் பிள்ளை கதவுக்குள்தான் இருக்கிறாள். பயம் நியாயமானது. ஆனால் வீட்டுக்குள் இருப்பதால் மட்டும் ஒருத்தி பாதுகாப்பாக இருக்கிறாள் என்று சொல்ல முடியாது; தீங்கு செய்பவர் பெரும்பாலும் தெரிந்த ஆளாகவே இருக்கிறார். தன் உடம்பின் எந்தப் பகுதியை யாரும் தொடக் கூடாது, தொட்டால் கத்த வேண்டும், யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும், மாதவிலக்கு நாட்களில் தன்னைத் தானே எப்படிப் பார்த்துக்கொள்வது என்பவை கடைக்குப் போவதைவிட முன்னால் வர வேண்டிய பாடங்கள். மூத்த பெண்மணி ஒருவர், அத்தையோ சின்னம்மாவோ, பொறுமையாக, வெட்கப்படாமல் சொல்லித்தர வேண்டும். "இல்லை, வேண்டாம்" என்று அவள் சொல்லும்போது வீட்டிலும் அதற்கு மதிப்பு இருந்தால்தான் வெளியே அந்தச் சொல் அவளுக்கு வாயில் வரும்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? பெற்றோரில் ஒருவராவது நடமாட்டத்தோடு இருக்கிற வீட்டுக்கு என் பதில்: காலையில் பி.டி.கே., மாலையில் வாரம் இரண்டு மூன்று முறை ஊர்ப்பாடம். மையத்தில் எந்தத் திறனைப் பழக்குகிறார்களோ அதையே மாலையில் நிஜக் கடையில் செய்து பாருங்கள். சிக்குவிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து வாங்கினால் இரு பக்கமும் ஒரே படியில் நிற்கும். நம் கடையின் படம், நம் பஸ் நிற்குமிடத்தின் படம் ஆகியவற்றைக் கைப்பேசியில் எடுத்து மையத்தில் கொடுங்கள். வகுப்பறையில் பழகுவதும் வீண்போகாது. ஓரிரு ஆண்டில் சாலையும் காசும் கைக்கு வந்ததும் வேலை தேடலாம். பெற்றோர் இருவரும் கூலி வேலைக்குப் போய் இருட்டிய பிறகு திரும்பும் வீடு என்றால் பி.டி.கே.யை விட்டுவிடாதீர்கள், ஊர்ப்பாடத்தை ஞாயிறு காலைப் பசியாறலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ரொட்டி சானாய் கடையில் அவன் வாயால் கேட்டு, அவன் கையால் காசு கொடுக்கட்டும். அது போதும், நிறுத்தாமல் செய்தால்.

எந்த வழியில் போனாலும் ஓ.கே.யூ. எனும் மாற்றுத்திறனாளி அட்டை இல்லாமல் எதுவும் நகராது. மருத்துவர் பாரத்தில் உறுதிசெய்த பிறகு சமூகநல இலாகாவில் பதிய வேண்டும். அறிவுத்திறன் குறைபாடு அங்கே கற்றல் குறைபாடு என்ற பிரிவில் வரும். அரசாங்க மருத்துவமனைக் கட்டண விலக்கு, கே.டி.எம். ரயிலில் பாதிக் கட்டணம், மேலே சொன்ன உதவித்தொகைகள் எல்லாம் அந்த அட்டையை வைத்துத்தான்.

இத்தனை ஒப்பீட்டிலும் ஒருவரைக் கேட்க மறந்துவிடுகிறோம். மலேசியா 2010-ல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 19-ஆவது பிரிவு, எங்கே யாரோடு வாழ்வது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை அவருக்கே உண்டு என்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் யுனைடெட் வாய்ஸ் என்ற சங்கத்தில் இப்படிப்பட்டவர்கள் தங்களுக்காகத் தாங்களே கூட்டம் நடத்திப் பேசுகிறார்கள். நம் வீட்டில் அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், மையத்தையும் இல்லத்தையும் அவனுக்கு நேரில் காட்டலாம். பேச வராதவனும் முகத்தால் சொல்லுவான். எங்கே வாசலிலேயே கால் நின்றுவிடுகிறது, எங்கே தானாக உள்ளே போய் உட்காருகிறான் என்று பாருங்கள். அதைப் பார்த்த பிறகு பாரத்தில் கையெழுத்துப் போடுங்கள், ஆண்டுக்கொரு முறை மறுபடியும் கேளுங்கள்.